ஒன்பதாவது கட்டிலின் சீட்டு

ஊசி போடுவதற்கு முன்னால் நோயாளியிடம் வாயைத் திறந்து கேட்டுவிட்டுத்தான் போடவேண்டும் என்பது எங்கள் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் சட்டம். சீட்டில் எழுதியிருந்தாலும் கேட்கவேண்டும். நேற்றுக் கேட்டிருந்தாலும் இன்று மறுபடி கேட்கவேண்டும். இப்போது கட்டிலுக்குக் கட்டில் கண்ணாடித் திரை வந்துவிட்டது, விரலால் தொட்டால் ஆளின் ஜாதகமே வருகிறது, பிறகும் எதற்கு இந்தக் கிளிப்பிள்ளைக் கேள்வி என்று புதிதாக வந்த நர்ஸ் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். "அதை இசக்கியம்மா ஆயாகிட்ட கேளுங்க" என்று யாரோ சொல்லி, இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். பதில் சொல்லவில்லை. வாயால் சொன்னால் நடுவே சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் எழுதியதை அடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பெருக்குகிற வேலைக்குத்தான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பிறகு வார்டு ஆயா ஆனேன். கட்டில் மாற்றுவது, குளிப்பாட்டுவது, ஆபரேஷனுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோவது, போன உயிருக்குத் தாடை கட்டுவது எல்லாம் செய்தேன். அவற்றை எந்த ஆயாவும் உங்களுக்குச் சொல்லுவாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், காலை நேரத்தில் அந்த அறைக்கும் என்னையே போட்டார்கள். இத்தனை ஆயாக்களில் என்னை ஏன் எடுத்தார்கள் என்றால், எனக்கு உள்ளங்கை வேர்க்காது. அச்சடித்த காகிதத்தைப் பிடித்தால் மை அப்பாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஏ.சி. போட்ட சின்ன அறை. செருப்பைக் கழற்றிவிட்டு நுழையவேண்டும். பிணவறையில் தனியாக நின்றிருக்கிறேன், அங்கே வராத பயம் இங்கே முதல் நாளே வந்தது. பிரிண்டர் ஓடத் தொடங்கினால் ரம்பத்தால் தகரத்தை அறுப்பது போலச் சத்தம். அகலக் காகிதம் மடிப்பு மடிப்பாக உள்ளே போய், எழுத்தோடு வெளியே வரும். எல்லாம் இங்கிலீஷ். எனக்கு அதில் எண்கள் தெரியும், சில எழுத்துகளின் உருவம் தெரியும், அவ்வளவுதான்.

அந்த அறைக்குப் பொறுப்பு சிவசைலம் சார். ஆற்றங்கரை ஊர்க்காரர். தாமிரபரணியில் முழுகி, நெற்றி நிறையத் திருநீறோடு முதல் பஸ்ஸில் வருவார். ஆஸ்பத்திரியில் எனக்கு 'வாங்க போங்க' போட்டுப் பேசிய முதல் ஆள் அவர்தான். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு சாவியைத் தட்டுவதற்கு முன்னால் விரலை அதன்மேல் நிறுத்தி, "இது எதுக்கு?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். பதில் கிடைத்தால்தான் விரல் இறங்கும். சில நாள் பதில் கிடைக்காது. விரலை எடுத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். "பைய, இசக்கியம்மா, பைய. மிஷினுக்கு அவசரம் கெடயாது, நமக்குத்தான்" என்பார்.

என் வேலை இதுதான். பெண்கள் வார்டில் பதினாறு கட்டில். தினமும் காலையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி அச்சாகும். அதில் பெயர், வயது, ஆஸ்பத்திரி நம்பர், என்ன நோய், என்ன ஆபரேஷன், எந்த மருந்து ஆகாது என்பதெல்லாம் இருக்கும். கட்டில் எண் மட்டும் இருக்காது. அது சுவரில் பெயின்டால் எழுதியிருக்கிறதே, பிறகு எதற்கு என்று விட்டிருந்தார்கள். நான் கத்தரிக்கோலால் வரி வரியாக நறுக்கி, கட்டில்களின் தலைமாட்டில் இருக்கும் தகரச் சட்டத்தில் வரிசையாகச் செருகவேண்டும். முதல் வரி முதல் கட்டில், இரண்டாம் வரி இரண்டாம் கட்டில். சார் சொன்னார்: "ஒரு வரி, ஒரு கட்டில். நீங்களா எதையும் சேக்கவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம்." சில பேருக்கு வரி நீளமாக வரும். வியாதி கூடினால் சீட்டும் நீளும். சட்டத்துக்கு வெளியே நீட்டுகிறதைப் பின்பக்கம் மடித்துவிடச் சொல்லியிருந்தார்கள். மடித்துவிடுவேன்.

அந்த வரிகளைத் தட்டுகிறவள் செண்பகம். டைப் படித்த பிள்ளை, சின்ன வயது. கட்டிலுக்கு ஒரு வரியாக அவள் தட்டி வைப்பாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மிஷினுக்கு இடுகிற ஏவலாக 'எக்கோ' என்று ஒரு சொல் இருக்கும். அது என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"எதிரொலி இசக்கியம்மா. பாவநாசம் மலையில நின்னு கத்துனா மல திருப்பிச் சொல்லும்லா? அதேதான். நாம தட்டுனத மிஷின் திருப்பிச் சொல்லும்" என்றார் சார்.

"அப்படியே சொல்லுமா சார்?"

விரலைத் தூக்கி நிறுத்தி யோசித்தார். "அப்படியேதான்" என்றார். பழைய மிஷினில் அது உண்மை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லவேண்டும். டாக்டர்கள் ஒருவருக்குப் பழைய வியாதியோ ஆகாத மருந்தோ இருந்தால் மூன்று இங்கிலீஷ் எழுத்தைச் சாய்ந்த கோடு போட்டுப் பிரித்து எழுதுவார்கள், k/c/o என்று. 'ஏற்கனவே தெரிந்த சங்கதி' என்று அதற்கு அர்த்தமாம். அதன் பிறகு வருவதுதான் முக்கியம். பழைய மிஷினில் அந்தச் சாய்ந்த கோட்டின் சாவி இறுகிப்போயிருந்தது. சாருடைய திருநீறு உதிர்ந்து அடைத்துவிட்டது என்று செண்பகம் சொல்லுவாள். செண்பகத்தின் காப்பி கொட்டியது என்று சார் சொல்லுவார். எதுவானாலும் சாவி இறங்கவில்லை. அதனால் செண்பகம், மறுபக்கம் சாய்ந்திருக்கும் வேறொரு கோட்டைத் தட்டப் பழகிக்கொண்டாள், k\c\o என்று. கோடு இடப்பக்கம் சாய்ந்தால் என்ன, வலப்பக்கம் சாய்ந்தால் என்ன? டாக்டர்கள் வாசித்தார்கள், நர்சுகள் வாசித்தார்கள், யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் அப்படியே போயிற்று.

பிறகு புது மிஷின் வந்தது. வெளியூரிலிருந்து ஆள் வந்து பூட்டிவிட்டுப் போனார்கள். சாவிப் பலகையும் புதிது, எல்லாச் சாவியும் வெண்ணெய் மாதிரி இறங்கும். ஆனால் கை பழையதல்லவா? செண்பகத்தின் விரல் பழைய கோட்டுக்கே போயிற்று. சாருக்கு அந்த மிஷினைப் பார்த்தாலே கலக்கம். "பழசு நம்ம வீட்டு மாடு. இது எங்கன திரும்பி உதைக்கும்னு தெரியல" என்றார். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் உதைத்தது.

அந்த நேரத்தில் ஒன்பதாவது கட்டிலில் இருந்தவள் அந்தோணியம்மாள். உவரிக்காரி. திசையன்விளைச் சந்தைக்கு மீன் கொண்டுபோய் விற்கிறவள். வயிற்றில் குடல்வால் ஆபரேஷன் ஆகியிருந்தது. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். வார்டில் அவள் வாய்தான் கேட்கும்.

"ஏட்டி இசக்கி, மீனுக்கு வெல எழுதித் தொங்கப்போடுத மாதிரி எங்க தலமாட்டுல என்னட்டி எழுதிப் போடுதிய?"

"ஒங்க எடையும் வெலயும்தான்க்கா."

"ஐசுல வச்ச மீனுன்னு எழுதிராத. வெல எறங்கிரும்."

தையல் வலித்தால், "சவம் விட்டுத் தொலைக்க மாட்டேங்கே" என்பாள். எங்கள் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் சவம்தான். மழைக்கும் சவம், பஸ்ஸுக்கும் சவம். எங்கள் வார்டு நர்ஸ் கிரேஸ் சிஸ்டர் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். வந்த புதிதில், "சவம் இன்னும் வரலையே" என்று ஒருத்தி காப்பிக்காரனைச் சொன்னதைக் கேட்டு, கட்டில் கட்டிலாக நாடி பார்த்துக்கொண்டு ஓடினார். நல்லவர். வேலையில் குறை சொல்ல முடியாது.

சேர்ந்த அன்றே டாக்டரிடம் அந்தோணியம்மாள் சொல்லியிருந்தாள், முன்னே பிள்ளைப்பேற்றின்போது ஒரு ஊசி போட்டு மூச்சு நின்று, மாதா கோயிலில் சாவு மணி அடிக்க ஆளே போய்விட்டதாம். என்ன ஊசி என்று அவளுக்குத் தெரியாது. டாக்டர் அவளுக்குக் காலை ஊசியை நிறுத்தி வைத்து, பழைய சீட்டையெல்லாம் வரவழைத்துப் பார்த்து, மிஷின் உதைத்ததற்கு முந்தின நாள்தான் பென்சிலின் என்று கண்டுபிடித்துக் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதினார். செண்பகமும் தட்டினாள். "எழுதியாச்சுல்லா, இனி அவுக பாடு" என்று அந்தோணியம்மாள் நிம்மதியாகப் படுத்துவிட்டாள்.

அன்று காலை வார்டுக் காகிதத்தை வாங்கி நறுக்கினேன். வார்டுக்குப் போய் முதல் கட்டிலிலிருந்து செருகிக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது சீட்டு மிகவும் நீளமாக இருந்தது. சட்டத்துக்கு வெளியே ஒரு முழம் தொங்கியது. பின்பக்கம் மடித்துவிட்டேன்.

"எனக்கு மட்டும் என்னட்டி இம்புட்டு நீளம்?"

"வாய் நீளம்லாக்கா, அதான்."

அவள் சிரித்தாள். தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் பத்தாவது கட்டிலுக்கு நகர்ந்தேன். பின்னாலேயே கிரேஸ் சிஸ்டர், ஆபரேஷன் ஆனவர்களுக்கெல்லாம் காலையில் போடுகிற பென்சிலின் ஊசித் தட்டோடு வந்துகொண்டிருந்தார். கேஸ் ஷீட்டெல்லாம் டாக்டர் அறையில் இருந்தன. அந்த நேரத்தில் சிஸ்டருக்கு ஆதாரம் தலைமாட்டுச் சீட்டுதான். பெயர், நம்பர், எச்சரிக்கை ஏதாவது உண்டா என்று பார்ப்பார். இல்லையென்றால் முதலில் முன்கைத் தோலில் ஒரு துளி மட்டும் ஏற்றி, பேனாவால் சுற்றி வட்டம் போட்டுவிட்டுக் காத்திருப்பார். வட்டம் தடிக்காவிட்டால்தான் முழு ஊசி. அதுதான் முறை.

பதினாறாவது கட்டிலுக்குப் போனேன். கையில் சீட்டு இல்லை.

கீழே விழுந்ததா என்று பார்த்தேன். மடியை உதறினேன். கத்தரிக்கோலைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை. பதினைந்து கட்டிலிலும் சீட்டு இருக்கிறது, பதினாறில் இல்லை. என் கை தவறாது. அப்படியானால் காகிதத்திலேயே ஒரு வரி குறைவு. ஒரு வரி குறைந்தால், குறைந்த இடத்துக்குக் கீழே இருக்கும் ஒவ்வொருத்தி தலைமாட்டிலும் அடுத்தவள் சீட்டு. சர்க்கரைக்காரி சீட்டு யார் தலையில், ரத்தம் ஏற்றவேண்டியவள் சீட்டு யார் தலையில்? எந்த இடத்தில் குறைந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பதினாறு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அன்றுதான் என் உள்ளங்கை வேர்த்தது.

திரும்பினேன். சிஸ்டர் ஒன்பதாவது கட்டிலில் நின்று, அந்தோணியம்மாள் கையில் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், சீட்டு ஒண்ணு கொறையுது."

"குறைஞ்சா போய் வாங்கிட்டு வாங்க ஆயா. இங்க நின்னு கத்தினா வருமா?"

"இல்ல சிஸ்டர், வரிசையே தப்பிட்டு. ஊசிய நிறுத்துங்க."

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். கோபம்தான் முதலில் வந்தது முகத்தில். அந்தோணியம்மாள் எனக்காகப் பரிந்து பேசினாள்.

"அவ சொல்லுதது நெசமாத்தான் இருக்கும் சிஸ்டரு. இவ எங்க ஊருத் தராசு மாதிரி. ஒரு நெத்திலி கொறஞ்சாக்கூட முள்ளு ஆடிரும். நான் ஒருநாள் இவகிட்ட என்ன சொன்னேன்னா, ஏட்டி நீ மட்டும் சந்தையில..."

அதோடு நின்றது பேச்சு.

அடுத்த சொல் வரும் என்று நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் வாய் திறந்தே இருந்தது. கையைத் தூக்கித் தொண்டையைத் தொட்டாள். உள்ளங்கையைச் சொறிந்தாள். கையில் போட்ட வட்டத்துக்குள் தோல் எழும்பி, வட்டத்தைத் தாண்டி, முழங்கை வரை திட்டுத் திட்டாகச் சிவந்துகொண்டு போயிற்று. உதடு கண்ணெதிரே தடித்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. எத்தனையோ பேருடைய கடைசிப் பார்வையைப் பார்த்தவள் நான். அவர்களெல்லாம் எங்கேயோ பார்ப்பார்கள். இவள் என்னைப் பார்த்தாள்.

சிஸ்டர் போட்ட சத்தத்தில் டாக்டர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். கட்டில் கால்மாட்டைத் தூக்கு என்றார். தலை தாழ்ந்து கால் உயர இருந்தால் ரத்தம் நெஞ்சுக்கு வருமாம். அந்தக் காலத்தில் கட்டிலைத் தூக்கச் சக்கரம் கிடையாது. நான் தோளைக் கொடுத்துத் தூக்க, சிஸ்டர் மரக்கட்டையை அடியில் தள்ளினார். டாக்டர் தொடையில் ஊசி போட்டார். ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தேன். அவள் மூச்சு விசில் மாதிரிக் கேட்டது, பிறகு விசிலும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரிகள் எழுந்து உட்கார்ந்து, அவரவர் சாமியைக் கூப்பிட்டார்கள். "அந்தோணியாரே, ஒம்ம பிள்ளைய விட்டுராதேயும்" என்று நானும் சொன்னேன். நான் சுடலைமாடனைக் கும்பிடுகிறவள். அவள் சாமி யாரோ அவரைத்தானே கூப்பிடவேண்டும்?

இரண்டாவது ஊசி. டாக்டர் நாடியை விடவே இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதம் மீன் மாதிரிச் சில்லென்று இருந்தது. பிறகு சில்லென்று இல்லை. முதலில் அதைத்தான் நான் உணர்ந்தேன், மூச்சு வந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

மத்தியானம் அவள் குரல் திரும்பியது. பழைய குரல் இல்லை, உரலில் உமி இடிப்பது போல ஒரு குரல்.

"ஏட்டி, மறுபடியும் மணியடிக்க ஆளனுப்பிட்டியளா?"

நான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கம்ப்யூட்டர் அறையில் அதைவிடப் பெரிய பயம் காத்திருந்தது. மடித்துவிட்ட ஒன்பதாவது சீட்டைப் பிரித்துச் சார் மேஜையில் விரித்தார். அதில் அந்தோணியம்மாள் பெயரும் நோயும் இருந்தன. பிறகு 'கே' என்ற ஒற்றை எழுத்து. அதை ஒட்டியே, இடைவெளிகூட இல்லாமல், பத்தாவது கட்டில்காரியின் பெயரும் நோயும். கிரேஸ் சிஸ்டர் சொன்னார், "அந்தக் கே-யைப் பார்த்தேன் சார். அச்சு சரியில்லைன்னு நெனச்சேன்."

செண்பகம் அழுதாள். "நான் தட்டினேன் சார். முழுசாத் தட்டினேன். அந்தோணியார் சத்தியமா, பிள்ளையார் சத்தியமா." சார் அந்த வரியைத் திரையில் எடுத்துப் பார்த்தார். அவள் சொன்னது உண்மை. திரையில் முழு வரியும் இருந்தது, பென்சிலின் ஆகாது என்பது வரை. மறுபடி அச்சடித்தார். காகிதத்தில் 'கே'யோடு நின்றது. திரையில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. செண்பகம் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அங்கே யாரோ ஐந்தாவது ஆள் நிற்பது போல இருந்தது.

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதே வரியை எடுத்து, அந்த மறுபக்கக் கோட்டுக்குப் பின்னால் ஒவ்வோர் எழுத்தாக மாற்றி மாற்றி அச்சடித்தார். 'ஓ' வைத்தார், ஒன்றும் நடக்கவில்லை, கோடும் ஓவும் அப்படியே வந்தன. 'என்' வைத்தார், கோடும் இல்லை, என்னும் இல்லை, வரி முறிந்து கீழே இறங்கியது. 'டி' வைத்தார், வரி தள்ளிப் போய் நின்றது. 'பி' வைத்தார், பிரிண்டர் ஓரடி பின்னால் வந்து முந்தின எழுத்தின் மேலேயே ஏறி அடித்தது. கடைசியாகச் 'சி' வைத்தார். வரி அங்கேயே செத்தது. அடுத்த வரி வந்து அதோடு ஒட்டிக்கொண்டது.

பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்துச் சொன்னார்.

"இந்தக் கோடு எழுத்து இல்ல. ஏவல். கோட்டுக்குப் பின்னால 'சி' வந்தா, 'இதோட நிறுத்து, வரியையும் மாத்தாத'ன்னு அர்த்தம். பழைய மிஷின் எக்கோவுக்குத் தனியா ஒரு குறி போட்டுச் சொன்னாத்தான் இந்த ஏவலக் கேக்கும். சொல்லலன்னா கோட்டக் கோடாவே அச்சடிச்சிரும். இது நாம சொல்லாமலே செய்யுது. அந்தக் கோடே அச்சுல வரணும்னா ரெண்டு தடவ தட்டணும். ஒண்ணு தட்டுனா ஏவல், ரெண்டு தட்டுனா எழுத்து."

"மல திருப்பிச் சொல்லும்னியளே சார்" என்றேன்.

"சொன்னேன்." தலையைக் குனிந்துகொண்டார். "எந்த மலன்னு கேக்காம சொல்லிட்டேன்."

மேலிடத்திலிருந்து, யார் செய்த பிழை என்று கேட்டு ஆள் வந்தது. செண்பகத்துக்கு அன்றோடு வேலை போய்விடும் என்று நானே நினைத்தேன். அவளும் பையை எடுத்து வைத்துவிட்டாள். சார் எழுந்து நின்று, "இது அறையோட பிழை. அறைக்கு நான் பொறுப்பு" என்று மட்டும் சொன்னார். அவரை மூன்று நாள் விசாரித்தார்கள். வேலை போகவில்லை. ஆனால் அந்த விசாரணைக்குப் பிறகு அவர் விரல் சாவியின்மேல் நிற்கிற நேரம் இன்னும் கூடிவிட்டது.

எக்கோவை எடுத்துவிட்டு, தட்டி வைத்ததை ஏவல் பார்க்காமல் அப்படியே கொட்டுகிற வேறொன்றை வைத்தார். வரிக்கு முன்னால் கட்டில் எண்ணும் அச்சாக வைத்தார். அந்தக் கோட்டின் சாவியில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டினார். பிறகு புது மிஷின் வந்த நாளிலிருந்து அடித்த எல்லா வார்டுக் காகிதத்தையும் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இன்னும் இரண்டு பேருக்கு வரி பாதியில் நின்றிருந்தது. இரண்டு பேருமே பட்டியலில் கடைசிக் கட்டில்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேறு வரி இல்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். தங்கள் தலைமாட்டில் என்ன இல்லாமல் இருந்தது என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

வாயால் கேட்கிற சட்டம் அப்படித்தான் வந்தது. டாக்டர் போட்டார். ஊசித் தட்டுக்கு முன்னால் நடந்து கட்டில் கட்டிலாகக் கேட்கிற வேலையை எனக்குக் கொடுத்தார். ஓய்வு பெறுகிற நாள் வரை கேட்டேன். ஒவ்வொரு கட்டிலிலும் பதில் வந்து முடிகிறவரை அவரவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பாதியில் நிறுத்திவிடுவார்களோ என்று.

சில மாதம் கழித்து, உவரித் திருவிழா முடிந்தபின், அந்தோணியம்மாள் என்னைப் பார்க்க வந்தாள். கையில் கருவாட்டுப் பொட்டலம். முகத்தில் ஒரே பெருமை.

"ஏட்டி, இனி எந்த மிஷினும் என்னை ஒண்ணும் பண்ண முடியாது. பாரு" என்று முன்கையை நீட்டினாள்.

பச்சை குத்தியிருந்தாள். பெரிய பெரிய தமிழ் எழுத்து. நான் கூட்டி வாசித்தேன். பெ, ன், சி, லி, ன். ஊ, சி. கையைத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் ஒன்றும் இல்லை.

"மிச்சம் எங்கக்கா?"

"அம்புட்டுதான். ஆகாதுன்னு குத்தச் சொன்னேன். திருவிழாவும் அதுவுமா ஒடம்புல அந்தச் சொல்ல நான் எழுதமாட்டேன்னுட்டான். அவன் சொல்லுததும் ஞாயம்தானே? வெளங்காமப் போயிராதா? பாக்குதவன் புரிஞ்சுக்கிடமாட்டானா?"

நினைத்துப் பாருங்கள். இவள் சந்தையில் மயங்கி விழுகிறாள். யாரோ தூக்கிக்கொண்டு ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். கையில் 'பென்சிலின் ஊசி' என்று எழுதியிருக்கிறது. பார்க்கிறவன் என்ன செய்வான்?

சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டு, கருவாட்டைக்கூட வைக்காமல், அவளை இழுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். ஜங்ஷனில் பாலத்துப் பக்கம் பச்சை குத்துகிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

"என்னம்மா எழுதணும்? வீட்டுக்காரர் பேரா?"

"ஆகாது."

"என்ன ஆகாது?"

"அந்தச் சொல்லத்தான் எழுதணும். இதுக்குப் பக்கத்துல."

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "கூடாத சொல்லும்மா. பச்ச ஒடம்போட கடைசி வரைக்கும் வரும். எனக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

"பாவம் எனக்கு. எழுதுங்கண்ணாச்சி."

என் முகத்தைப் பார்த்தார். எடுத்தார். அந்தோணியம்மாள் கையை நான் என் முழங்காலில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். முதல் எழுத்துக்கே அவள் ஊரைக் கூட்டினாள். இரண்டாவது எழுத்து முடிந்ததும் ஒரே உதறு.

"போதும்ட்டி! உயிரு போவுது. ரெண்டெழுத்து வந்துட்டுல்லா, விடு!"

வாசித்தேன். 'பென்சிலின் ஊசி ஆகா' என்று இருந்தது.

"இன்னும் ஒரு எழுத்துக்கா."

"விடுட்டி, சவத்து மூதி!"

"திட்டுங்க. நல்லாத் திட்டுங்க" என்றேன். அவள் திட்டினாள், கடித்தாள், வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. நான் விடவில்லை. 'து' முடிந்தது. முந்தானையால் ரத்தத்தை ஒற்றிவிட்டு, முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தேன். எல்லாம் இருந்தது. அப்புறம்தான் கையை விட்டேன்.